வாக்கியக் கணக்கில் தடுமாறும் மகள் கணிதப் பிரிவு எடுக்கலாமா?

சமன்பாடாகக் கொடுத்தால் மகள் போட்டுவிடுகிறாள், அதே கணக்கு வாக்கியமாக வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாத எண்கள் இரண்டு இருந்து, கூடவே வர்க்கமும் வந்துவிட்டால் அழுகையே வருகிறதாம். மேல்வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இதை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். சமன்பாடு கையில் வந்தால் அவள் போட்டுவிடுகிறாள் என்றால், கணக்குப் போடும் திறமை அவளிடம் இருக்கிறது. தடங்கல் அதற்கு முந்தைய அடியில்: வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவதில். அது பழகினால் வரக்கூடியது. எப்படிப் பழகுவது என்று ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

இரண்டு சதுரங்கள். பரப்பளவுகளின் கூடுதல் 106 சதுர மீட்டர். சுற்றளவுகளின் வித்தியாசம் 16 மீட்டர். பக்கங்கள் எவ்வளவு?

முதல் வேலை, தெரியாதவற்றுக்குப் பெயர் வைப்பது. 'பெ என்றால் பெரிய சதுரம்' என்று எழுதினால் போதாது. சதுரத்தின் எது? பக்கமா, பரப்பா, சுற்றளவா? 'பெ = பெரிய சதுரத்தின் பக்கம், மீட்டரில்; சி = சிறிய சதுரத்தின் பக்கம், மீட்டரில்' என்று முழுசாக எழுத வேண்டும். அவசரத்தில் பிள்ளைகள் தாண்டிப்போகும் வரி இதுதான், பின்னால் வரும் குழப்பத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அப்புறம் ஒரு தகவலுக்கு ஒரு சமன்பாடு. பரப்பளவுகள் சேர்ந்து 106: பெ² + சி² = 106. இங்கே (பெ + சி)² என்று எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய. முதலில் வர்க்கமா, முதலில் கூட்டலா என்று வாக்கியத்தைத் திரும்ப வாசித்தால் பிடிபடும். அடுத்து சுற்றளவு: 4பெ − 4சி = 16, அதாவது பெ − சி = 4.

இப்போது வர்க்கம் இல்லாத சமன்பாட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பெ = சி + 4. இதை மற்றதில் போட்டால் (சி + 4)² + சி² = 106. விரித்துச் சுருக்கினால் சி² + 4சி − 45 = 0. காரணிப்படுத்தினால் (சி + 9)(சி − 5) = 0. சி = 5 அல்லது −9. பக்கத்தின் நீளம் குறை எண்ணாக இருக்காது, அதனால் 5, பெரியது 9.

(சி + 4)² என்பதை சி² + 16 என்று விரித்து, நடுவில் வரும் 8சி-ஐ விட்டுவிடுவது வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் சி² = 45 என்று வரும்; சி ஏறக்குறைய 6.7, பெ 10.7. வித்தியாசம் 4 சரியாகவே இருக்கும், ஆனால் வர்க்கங்களைக் கூட்டினால் 106-ஐத் தாண்டி 159-க்கு மேல் போய்விடும். அதனால்தான் விடையைக் கேள்வியின் எல்லா வாக்கியங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அதே கணக்கு 'இரண்டு எண்கள், வித்தியாசம் 4, வர்க்கங்களின் கூடுதல் 106' என்று வந்திருந்தால் −9-ஐத் தள்ள முடியாது. −5, −9 என்ற ஜோடியும் சரியான விடைதான். எந்த விடையை வைத்துக்கொள்வது என்பதைக் கேள்விதான் சொல்லும்.

இது தேர்வோடு முடிகிற விஷயம் இல்லை. மேல்வகுப்பு இயற்பியலில், ஆற்றல் இழப்பு இல்லாமல் இரண்டு பொருள்கள் நேருக்கு நேர் மோதும் கணக்கு வரும். உந்தம் (நிறை × திசைவேகம்) மாறாது என்ற விதியிலிருந்து வர்க்கம் இல்லாத ஒரு சமன்பாடு, இயக்க ஆற்றல் (½ × நிறை × திசைவேகத்தின் வர்க்கம்) மாறாது என்பதிலிருந்து வர்க்கத்தோடு ஒன்று. தெரியாதவை இரண்டு திசைவேகங்கள். சதுரக் கணக்கின் அதே அமைப்புதான்! அங்கேயும் இரண்டு விடை வரும். ஒன்று மோதலுக்கு முன்பிருந்த வேகங்களே, அதைத் தள்ளிவிட வேண்டும். பொறியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும். சட்டம், மொழி போன்ற துறைகளில் இருபடிச் சமன்பாடு அநேகமாக வராது. அவளுக்கு அவற்றில் விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகட்டும். இந்தக் கணக்குக்குப் பயந்து போவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். சில நாட்களுக்கு விடை கண்டுபிடிக்கவே சொல்லாதீர்கள். பெயர் வைத்து, சமன்பாடு எழுதியதும் நோட்டை மூடிவிடலாம். அது பழகிய பிறகு அவளையே கேள்வி தயாரிக்கச் சொல்லுங்கள்: 7, 3 என்று இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டு, வித்தியாசம் 4, வர்க்கங்களின் கூடுதல் 58 என்று கணக்கிட்டு, அதைச் சுற்றி ஒரு கதை எழுதட்டும். நீங்கள் போட்டுப் பாருங்கள். தப்பாகப் போட்டால் அவள் திருத்தட்டும்.

இதற்குப் பிறகும் சமன்பாடு சரியாக எழுதி, விரிப்பதிலோ காரணிப்படுத்துவதிலோ திணறினால், முந்தைய வகுப்புப் பாடத்தில் அந்த இரண்டை மட்டும் திரும்பப் பயிற்சி செய்தால் போதும். பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பேச்சை அதுவரை தள்ளிவையுங்கள். பேசும்போது அவளும் பக்கத்தில் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று ஒரு வரிகூட இல்லை.