மதியம் மட்டும் மூடி வெளுப்பது ஏன்?

கேள்வி: பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தி டப்பா மூடி அடிக்கிறோம். காலையில் தெளிவாக வரும் மூடி, மதியத்துக்கு மேல் மங்கி வெளுக்கிறது. லேசாக வளையவும் செய்கிறது. குருணையும் மெஷின் செட்டிங்கும் மாறவில்லை. குருணையை உருக்கும் பேரலின் சூட்டைக் குறைக்கலாமா?

பதில்: பேரலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அச்சுக்குள் போகும் தண்ணீரின் சூட்டைக் காலையிலும் மதியமும் அளந்து பாருங்கள். தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் இல்லாமல், வெளிக்காற்றில் ஆற்றும் கூலிங் டவரை மட்டும் நம்பி ஓட்டினால், வெயில் ஏற ஏற அச்சும் சூடாகும், மூடி மெதுவாக ஆறும்.

பாலிப்ரொப்பிலீன் உருகுவது ஏறத்தாழ 165 டிகிரியில். குளிரும்போது அதே இடத்தில் படிகமாகிவிடாது, இன்னும் கீழே இறங்க வேண்டும். முதலில் கரு, அதாவது படிகம் தொடங்கும் நுண்புள்ளி, விழ வேண்டும், பிறகு அது வளர வேண்டும். 130 டிகிரி வாக்கில் கரு அபூர்வமாகத்தான் விழும். விழுந்த ஒன்றிரண்டு, பக்கத்துப் படிகத்தை முட்டும்வரை உருண்டையாக வளரும். இதைத்தான் ஸ்பெருலைட் என்கிறோம். சட்டென்று குளிர்ந்தால் ஏராளமான கருக்கள் ஒரே நேரத்தில் விழும். எதற்கும் வளர இடமிருக்காது. மெதுவாக விளையும் கற்கண்டும் பொடிச் சீனியும் போலத்தான். ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. உருண்டைகள் அதைத் தாண்டிப் பல மைக்ரான் அளவுக்குப் பெருத்தால் ஒளி சிதறும். உங்கள் வெளுப்பு அதுதான். பெரிய உருண்டைகள் முட்டும் எல்லைகளில் விரிசலும் சுலபமாக ஓடும். மதிய மூடியைக் கீழே போட்டுப் பார்த்தால் தெரியலாம்.

வளைவுக்கும் வேர் இதுவே. அச்சின் சூடான பக்கம் மெதுவாக ஆறுவதால் அங்கே படிகம் கூடுதல். படிகம் கூடினால் சுருக்கமும் கூடுதல். ஆகவே மூடி சூடான பக்கம் நோக்கிக் குழியும். எந்தப் பக்கம் குழிகிறது என்று பாருங்கள், அந்தப் பாதியின் தண்ணீர் வழியில் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம்.

சில்லர் வைத்து இரு பாதிகளையும் ஒரே சூட்டில், 20 முதல் 30 டிகிரிக்குள் நிறுத்துங்கள். தடித்த மூடியென்றால் அதுவும் போதாது: பிளாஸ்டிக் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், தோல் உறைந்த பிறகும் நடுப்பகுதி நிதானமாகவே ஆறும். அதற்குச் சார்பிட்டால் வகைத் தெளிவூட்டி கலந்த கிரேடு வாங்குவது நல்லது. அதிலுள்ள நுண்ணிய இழைகளே கருவாக நிற்பதால் உருண்டைகள் பெரிதாக வளர முடியாது. விலை கூடுதல்தான், ஆனால் கழிவுக்குப் போகும் மூடிகளையும் கணக்கில் சேருங்கள்.

பேரலைக் குறைத்தால் அச்சு இழுக்க வேண்டிய வெப்பம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. அதிகம் குறைத்தால், உருகிய பிளாஸ்டிக் ஓடிய தடம் மூடியில் ஓட்டக் கோடுகளாக விழும்.

மூடியின் அளவை மட்டும் அச்சிலிருந்து எடுத்த கையோடு பார்க்காதீர்கள். அறைச் சூட்டிலும் படிகமாவது மெல்லத் தொடரும்; ஒரு நாள் விட்டு அளந்தால்தான் டப்பாவோடு பொருந்துமா என்று தெரியும்.