போட்டு வைத்த லிங்க் எங்கே போச்சு? சேலத்துக் கேள்விகள் சில

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது அஸ்தம்பட்டி வீட்டில் இருக்கிறேன். புத்தகம் கேட்டு வந்தவர்கள் போய், "போன்ல சேவ் பண்ணேன், காணோம்" என்று வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை: அக்கா, டிசைன், மெஷின் வீடியோ எல்லாத்தையும் வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வெச்சுக்கறேன். கடைக்காரர் எதிர்ல உக்காந்திருக்கும்போது தேடினா ஒண்ணும் வர்றதில்ல. ஆப்பை மாத்தணுமா?

உடனே வேண்டாங்க. தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வசதியை வாட்ஸ்அப் 2022 கடைசியில் கொடுத்தது. போட்டு வைக்க அதைவிடச் சுலபமான இடம் இல்லை. சிக்கல் எடுக்கும்போதுதான். லிங்க்கைத் திறந்தால் வரும் பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வாட்ஸ்அப் தேடாது. நீங்கள் அனுப்பியது வெறும் லிங்க் என்றால், அதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

அதனால் லிங்க்கை ஒட்டியதும், அதே மெசேஜில் உங்கள் வாயில் வருகிறபடி ஒரு வரி அடியுங்கள். "குழந்தைக் கொலுசு, மூணு மணி தொங்கல், 80 டச், ஆத்தூர் கடைக்காரர் கேட்டது." (டச் என்றால் வெள்ளியின் சுத்த அளவு.) ஆறு மாதம் கழித்து டிசைன் பெயர் ஞாபகம் வராது, ஆத்தூர்க்காரர் முகம் வரும். அப்போது "ஆத்தூர்" என்று தட்டினால் போதும். லிங்க் ஆயிரத்தைத் தாண்டிய பிறகு ரெயின்டிராப் மாதிரி ஒரு புக்மார்க் செயலிக்குப் போகலாம். அங்கேயும் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

அம்மாபேட்டை, டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்: குரோமில் 40 ஃபோல்டர் போட்டிருக்கேன் மேடம். ஒரே பக்கம் வரலாறுலயும் வருது, அரசியலமைப்புலயும் வருது. எதுல போடறது?

தம்பி, இது நூலகத்தில் தினமும் பட்ட பாடு. ஒரு புத்தகத்தை ஒரு அலமாரியில்தான் வைக்க முடியும். அதனால்தான் ஆசிரியருக்கு ஒரு அட்டை, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று இழுப்பறையில் வைத்தோம். புத்தகம் ஒன்று, அதற்கு வழி மூன்று. அந்த அட்டையின் வேலையைத்தான் இணையத்தில் டேக், அதாவது லிங்க்கோடு ஒட்டி வைக்கும் அடையாளச் சொல், செய்கிறது. 2003-ல் வந்த டெலிஷியஸ் என்ற தளம் அதைப் பரவலாக்கியது.

ஃபோல்டரை ஐந்தாறாகக் குறைத்து மீதியை டேக்கில் விடுங்கள். குரோமின் புக்மார்க்கில் டேக் கிடையாது, கம்ப்யூட்டர் ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. குரோமை விட மனசில்லையென்றால், புக்மார்க்கின் பெயரை மாற்றி அதிலேயே இரண்டு மூன்று சொல் சேர்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் முகவரிப் பட்டையில் @ குறி போட்டு ஆங்கிலத்தில் புக்மார்க்ஸ் என்று தேர்ந்தெடுத்தால், அதற்குப் பின் தட்டுவதை உங்கள் புக்மார்க்கில் மட்டும் தேடும்.

ஏற்காடு, காபித் தோட்டம்: கீழ சேலம் வந்தப்போ பார்த்து சேவ் பண்ணது, தோட்டத்துக்குள்ள டவர் இல்லாம திறக்கமாட்டேங்குது.

புக்மார்க் என்பது விலாசம் மட்டுமே, வீட்டுக்குள் போக நெட் வேண்டும். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டால் கீழ்நோக்கிய அம்பு இருக்கும். அதை அழுத்தினால் பக்கமே போனில் இறங்கிவிடும், சில்வர் ஓக் மரத்தடியில் நின்றும் படிக்கலாம். கட்டுரைகள் நிறைய என்றால் இன்ஸ்டாபேப்பர் செயலியும் நெட் இல்லாமல் திறக்கும். ஒரு தடவை டவர் இருக்கும் இடத்திலேயே அதைத் திறந்து, எல்லாம் இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு மலையேறுங்கள்.

அளவுகளை மட்டும் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை ஒரு சதவீதம் என்றால் மயில் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இந்த ஒரு வரிக்காக எதற்கு இரண்டு பக்கக் கட்டுரையைத் திறக்க வேண்டும்? இன்னொன்று, கட்டுரையில் "காப்பர் சல்பேட்" என்றுதான் இருக்கும். தோட்டத்தில் நீங்கள் தேடப்போவது "மயில் துத்தம்" என்று. உங்கள் சொல்லை நீங்கள் எழுதாவிட்டால் செயலிக்கு எப்படித் தெரியும்?

சூரமங்கலம், பள்ளி ஆசிரியை: ஆங்கிலத்தில் தேடினால் டக்கென்று வருகிறது. தமிழில் தேடினால் ஏன் இந்தப் பாடு?

இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். நம் மொழியில் சொல்லோடு வேற்றுமை ஒட்டிக்கொள்ளும்போது சொல்லே உருமாறிவிடுகிறது. "சேலம்" என்று தேடுகிறீர்கள், பக்கத்தில் இருப்பதோ "சேலத்தில்", "சேலத்துக்கு". கடைசி "ம்" அங்கே இல்லை. "ஏற்காடு" என்று தேடினால் "ஏற்காட்டில்" மாட்டாது. பல செயலிகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன, இலக்கணம் தெரியாது. அதனால் வாலை வெட்டிவிட்டுத் தேடுங்கள். "ஏற்கா" போதும். "சேல" என்று தட்டினால் இளம்பிள்ளைச் சேலையும் சேர்ந்து வரும், நம்ம ஊர்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் தொடக்கத்தை மட்டும் கொடுத்தால் ஏற்காத செயலியும் உண்டு. அங்கே "சேலம்" என்ற வடிவத்தை டேக்காகவே போட்டுவிடுவது நல்லது.

எழுத்து வழக்கும் ஒன்றாக இல்லை. காபி, காப்பி. ஜவ்வரிசி, சவ்வரிசி. நான் இரண்டையும் எழுதிவிடுவேன்.

பழைய பிடிஎஃப்களில் வேறு தொல்லை. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்தவை கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு ஆங்கிலக் குறிகளின் குவியல். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை 2010-ல்தான் தமிழக அரசு தரமாக அறிவித்தது, அதற்கு முந்தையவற்றில் தேடல் பெரும்பாலும் வேலைக்காகாது. ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். கிறுக்கலாக வந்தால் தலைப்பை நீங்களே யூனிகோடில் எழுதிச் சேமியுங்கள்.

ஐந்து ரோடு, கணக்காளர்: செயலியையே மூடிவிட்டால்?

மூடுவார்கள். 2007-ல் தொடங்கி உலகம் முழுக்கப் பேர் வாங்கிய, லிங்க் சேமிக்கும் பாக்கெட் செயலியை மொசில்லா நிறுவனம் 2025 ஜூலை 8-ல் மூடியது. அதன் பின் சில மாதம் தரவை இறக்கிக்கொள்ள மட்டும் விட்டார்கள், அதுவும் முடிந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் அதே மாதிரியான ஆம்னிவோர் செயலி போனது. செயலி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அழகை அல்ல, "எக்ஸ்போர்ட்" பொத்தான் எங்கே என்று. வருடக் கணக்கு முடிக்கும்போது இதையும் ஒரு தடவை இறக்கி வையுங்கள் சார். வருவது பெரும்பாலும் ஒரு எச்டிஎம்எல் கோப்பு. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவி காலத்து வடிவம்தான், இன்றைக்கும் கம்ப்யூட்டரில் முக்கிய உலாவிகள் அதை ஏற்கும்.

இன்னொரு பக்கம், செயலி இருக்கும், லிங்க் செத்திருக்கும். முக்கியமான பக்கத்தை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்தால் ஒரு நகல் எடுத்து வைக்கும். காணாமல் போன பக்கத்தின் பழைய விலாசத்தையும் அங்கே ஒட்டிப் பார்க்கலாம். ரெயின்டிராப்பில் நிரந்தர நகலும், பக்கத்துக்குள் தேடுவதும் காசு கட்டினால்தான். லிங்க் எத்தனை போட்டாலும் இலவசம்.

பெயர் சொல்லாதவர்: ஏஐ தானே டேக் போடுதாமே? அப்புறம் நாம எதுக்கு எழுதணும்?

போடட்டும், வேண்டாமென்று சொல்லமாட்டேன். அது பக்கத்தில் இருப்பதைப் படித்து "நகை", "ஃபேஷன்" என்று போடும். ஆத்தூர்க்காரர் கேட்டது அதற்குத் தெரியாதே. அதோடு, டேக் போட வேண்டுமானால் நீங்கள் சேமித்ததை அது படித்தாக வேண்டும். மருத்துவ விஷயம் சேமிப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் கராகீப் போன்றவை உண்டு, கொஞ்சம் கை பழகினவர்களுக்கு.

கொண்டலாம்பட்டி, இல்லத்தரசி: ஆதார், பாஸ்புக் போட்டோவையும் இதிலேயே வைக்கலாமா?

கூடாதும்மா. ஆதாருக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. பாஸ்வேர்டும் இதில் வேண்டாம்.

அழகாபுரம், கல்லூரி மாணவி: சேவ் பண்ணவே இல்ல மேடம். போன மாசம் ஒரு பக்கம் பார்த்தேன், இப்ப வேணும்.

உலாவியின் ஹிஸ்டரியைத் திற கண்ணு. குரோம் 90 நாள் வரை வைத்திருக்கும், அதனால் நாளைக்கு என்று தள்ளாதே. தலைப்பு ஞாபகமில்லையா? அன்றைக்கு வேறு என்ன பார்த்தாய் என்று யோசி. பஸ் நேரம், தேர்வு முடிவு, ஏதாவது ஒன்று. என் தங்கை மகள் ஒரு தையல் வீடியோவை ஒரு வாரம் தேடினாள். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் கரண்ட் போனது, அவள் மின்வாரியப் புகார் எண்ணைத் தேடியிருந்தாள். ஹிஸ்டரியில் "மின்" என்று தட்டினோம், தேதி கிடைத்தது. அந்தத் தேதிக்குப் போனால், நாலு வரி கீழே ஆரி ஒர்க் பிளவுஸ்.