பெசன்ட் நகரா, இந்திராநகரா?

கேள்வி: எனக்கு வயது 42. நானும் மனைவியும் பெங்களூரில் ஐ.டி. துறையில் இருக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு மாதம் 4.5 லட்சம். இந்திராநகரில் 65,000 ரூபாய் வாடகை. சொந்த வீடு வாங்கினால் நல்ல பகுதியில்தான் என்பது முடிவு. பெற்றோருக்காகச் சென்னை பெசன்ட் நகர் என்கிறேன் நான். இந்திராநகர்தான் என்கிறார் மனைவி. இரண்டு இடத்திலும் பார்த்த மூன்று படுக்கையறை பழைய ஃபிளாட்டுகள் ஏறக்குறைய 2.5 கோடி. மியூச்சுவல் ஃபண்டில் 95 லட்சம் இருக்கிறது. அதை விற்காமல் அடமானம் வைத்து முன்பணம் கட்டலாம் என்கிறார் வங்கி அதிகாரி. எங்கே வாங்குவது? ஒப்பீட்டுப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: பட்டியலைப் பார்த்தேன். எலியட்ஸ் கடற்கரைக்கு நடக்கும் நேரம், இந்திராநகர் 100 அடிச் சாலையின் மாலை நெரிசல், குடிநீர் லாரி என்று எதையும் விடவில்லை. வீட்டுச் செலவுப் பகுதியில் மட்டும் பால், மின்சாரம், பள்ளிக் கட்டணத்துக்குக் கீழே 'மற்றவை: 90,000' என்று ஒரு வரி. மாதம் 90,000 ரூபாய்க்கு 'மற்றவை' என்று பெயர் வைத்த முதல் ஆள் நீங்கள்தான். என்னவென்று கேட்டு எழுதியபோதுதான் விஷயம் வெளியே வந்தது: அக்கா கணவரின் தொழிலுக்காக உங்கள் பெயரில் எடுத்த மூன்று தனிநபர் கடன்கள், 13 முதல் 14.5 சதவீத வட்டியில். பாக்கி சுமார் 30 லட்சம். "பெயருக்குத்தான் என் கடன், மாமா கட்டிவிடுவார்" என்கிறீர்கள். கடந்த ஓராண்டில் அவர் எத்தனை தவணை கட்டினார் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

ஊர்ச் சண்டையை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், 2.5 கோடிக்கு 22.5 லட்சம். கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் கடைசியில் பதிவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கிய பிறகு சுமார் 7.6 சதவீதம், 19 லட்சம். ஆக, வித்தியாசம் மூன்றரை லட்சம். தண்ணீரை வைத்தும் முடிவெடுக்க முடியாது. 2019-இல் சென்னை தவித்தது, 2024-இல் பெங்களூரு. வெள்ளம் என்றால் 2015-இல் அடையாற்றங்கரை, 2022-இல் பெங்களூரு யமலூரின் கோடீஸ்வர வில்லாக்கள்.

இப்போது 'மற்றவை'க்கு வருவோம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம்தான் வங்கி தரலாம். முத்திரைத் தீர்வையை அதில் சேர்க்க முடியாது. எனவே கடன் 1.87 கோடி. 8 சதவீதம், 20 ஆண்டு என்று வைத்தால் தவணை சுமார் 1.57 லட்சம். அதோடு மாமாவின் 90,000. மொத்தம் 2.47 லட்சம், அதாவது சம்பளத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. எந்த வங்கி அதிகாரியும் இங்கே முகம் சுளிப்பார். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதே வட்டியில் 90,000 ரூபாய்த் தவணைக்கு 1.07 கோடி வீட்டுக் கடன் கிடைக்கும். இரண்டு நகரங்களுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றரை லட்சம். உங்களுக்கும் மாமாவுக்கும் இடையே இருப்பது ஒரு கோடி.

ஃபண்டை அடமானம் வைக்கும் யோசனை இப்போது எல்லா வங்கிச் செயலியிலும் மின்னுகிறது. முன்பணமும் கடன், வீடும் கடன், மாமாவும் கடன் என்றால் உங்கள் பணம் எங்கே? சந்தை சரியும்போது கூடுதல் ஈடு கேட்பார்கள். தர முடியாவிட்டால் யூனிட்டுகளை விற்றுவிடுவார்கள், அதுவும் அடிமட்ட விலையில். வேண்டாம். வரிச் சலுகை என்று யாராவது ஆரம்பித்தால், புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குச் சலுகை இல்லை, பழைய முறையிலும் ஆண்டுக்கு 2 லட்சம்தான் என்று சொல்லி அனுப்புங்கள்.

செய்ய வேண்டியது இது. ஃபண்டில் 30 லட்சத்தை விற்று மூன்று கடன்களையும் அடையுங்கள், 14.5 சதவீதக் கடனை முதலில். முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீத வரி வரும். அது 14 சதவீத வட்டியைவிட மலிவு. ஃபண்டை விற்க மனம் வராது, தெரியும். ஆனால் 14 சதவீத வட்டி கட்டிக்கொண்டு 12 சதவீத லாபத்துக்குக் காத்திருப்பது முதலீடு ஆகாது.

மாமாவிடம் புரோநோட்டு எழுதி வாங்குங்கள். மூன்று ஆண்டுக்குள் நீங்கள் வழக்குப் போடாமலும், நடுவில் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுதித் தராமலும் இருந்தால் அது காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பணம் திரும்பி வரும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். ஊர் வீட்டில் அக்காவின் பங்கில் கழித்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் எழுதி வைத்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். வாய் திறந்து பேசாத அந்தக் கணக்குகள்தான் பாகப்பிரிவினை வழக்குகளாக வருகின்றன. நான்காவது கடன் கேட்டு அக்கா அழுதால், உங்களால் முடிந்த தொகையைக் கையிலிருந்து கொடுங்கள். கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

முன்பணம் சேரும்வரை வாடகை வீட்டில் இருப்பதில் என்ன குறை? ஆண்டுக்கு 7.8 லட்சம் வாடகை தருகிறீர்கள். 1.87 கோடிக் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி மட்டும் 15 லட்சம். மீதமாகும் 90,000-ஐ மூன்று ஆண்டு ஒதுக்கினால் 32 லட்சம். ஃபண்டில் மிஞ்சிய 65 லட்சத்தோடு சேர்த்தால் கையில் ஒரு கோடியை நெருங்கும். முன்பணம் 62.5 லட்சம், பதிவுச் செலவு, மரவேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான் தேவை.

அப்போது சென்னை என்றால் பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். பழைய ஃபிளாட்டின் விலையே அதில்தான் இருக்கிறது. பெங்களூரு என்றால் 'ஏ' கட்டா, அதாவது விதிப்படியான சொத்து என்ற மாநகராட்சிப் பதிவு, இல்லாத வீட்டின் படியேறாதீர்கள். எந்த ஊர் என்பதை மனைவியின் முடிவுக்கு விடுவது நல்லது. உங்கள் நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வேலை பெங்களூரில் மட்டும்தான்.