பேரியாட்ரிக் (உடல் எடைக் குறைப்பு) அறுவை சிகிச்சைக்குப் பின் எடை இறங்குவது நின்றுவிட்டதா? கேள்வி - பதில்

கேள்வி: ஸ்லீவ் அறுவை சிகிச்சை (இரைப்பையின் பெரும்பகுதியை நீக்குவது) முடிந்து மூன்றாவது வாரத்திலேயே எடை இறங்குவது நின்றுவிட்டது. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. உணவு திடீரென்று குறையும்போது, கல்லீரலிலும் தசைகளிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையைத்தான் உடல் முதலில் செலவழிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் பிணைந்திருப்பதால், அந்த நீரும் வெளியேறி எடை மளமளவென்று இறங்குகிறது. பின்னர் உடல் நீரை மீண்டும் பிடித்துவைக்கும்போது, கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் எடை இயந்திரத்தில் அது தெரிவதில்லை. இந்தத் தேக்கம் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாக விலகும். பயந்துபோய் உணவை மேலும் குறைத்துவிடாதீர்கள். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறைந்தால் தசைதான் கரையும்.

கேள்வி: இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. 118 கிலோவிலிருந்து 84 கிலோவுக்கு வந்து, நான்கு மாதமாக அப்படியே நிற்கிறேன். இலக்கு 70 கிலோ. சிகிச்சை தோற்றுவிட்டதா?

பதில்: இல்லை. பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள் என்றும், பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதத்தில் நிலைத்தது என்றும் ஸ்வீடனில் நடந்த நீண்டகால ஆய்வு கண்டது. நீங்கள் இழந்திருப்பது ஏறத்தாழ 29 சதவீதம். எடை குறைந்த உடலை இயக்க ஆற்றலும் குறைவாகவே தேவைப்படுகிறது. உண்ணும் அளவும் முதல் மாதங்களைவிட மெல்லக் கூடுகிறது. இவ்விரண்டும் சமமாகும் இடத்தில் எடை நிற்கிறது. இது மன உறுதி குறைந்ததன் அடையாளமன்று. அந்த 70 கிலோவை யார் நிர்ணயித்தார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவை எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதையே நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: ஐந்தாம் ஆண்டில் 6 கிலோ ஏறிவிட்டது. இரைப்பை மீண்டும் விரிந்துவிட்டதா?

பதில்: அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு சிறிது ஏறுவது பலருக்கும் நிகழ்வதுதான். இனிப்புப் பானங்களையும் இடையிடையே கொறிப்பதையும், ஸ்டீராய்டு, இன்சுலின் போன்ற மருந்துகளையும் முதலில் கவனியுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஏற்றம் தொடர்ந்தால் எண்டோஸ்கோப்பி பரிசோதனையும், பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு போன்ற மருந்துகளும் இருக்கின்றன.

கேள்வி: எடை நிலைத்துவிட்டதால் வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தலாமா?

பதில்: கூடாது, அவை வாழ்நாள் முழுவதும் தேவை. கல்லீரலில் பி12 இருப்பு நெடுநாள் தாங்குவதால் குறைபாடு தாமதமாகவே வெளிப்படும். பாதம் மரத்துப்போகும்வரை காத்திராமல், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.