சிங்கப்பூருக்குக் காசு, லண்டனுக்கு மைல்

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கணவருக்குக் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம், மகள் கல்யாணமாகி சிங்கப்பூரில். கிரெடிட் கார்டு பாயின்ட்டை வைத்தே ஊர் ஊராகப் பறக்கிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "மாதம் 75,000 ரூபாய் எப்படியும் செலவாகிறது. அதைக் கார்டில் போட்டால் வருஷம் ஒருமுறை நாங்கள் இருவரும் மகளைப் பார்த்துவிட்டு வரலாமா? ஓய்வு பெற்ற பிறகாவது லண்டனைப் பார்த்துவிட வேண்டும். எந்தக் கார்டு வாங்கலாம்?"

டீச்சர், எந்தக் கார்டு என்பதைக் கடைசியில் பேசுவோம். மாதக் கணக்கை வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அது ரொம்ப உதவியாக இருந்தது. அதில் நகைச்சீட்டு 15,000, பெட்ரோல் 6,000, இன்ஷூரன்ஸ் 5,000, கரண்ட் பில்லும் கேஸும் 4,000. மைல் கார்டு என்றால், செலவுக்குக் கிடைக்கும் பாயின்ட்டை விமான நிறுவனத்தின் கணக்கில் ‘மைல்’ ஆக மாற்றி, அந்த மைலைக் கொடுத்து டிக்கெட் வாங்க உதவும் கார்டு. பெரும்பாலான மைல் கார்டுகளில் இந்த வகைச் செலவுக்குப் பாயின்ட் கிடையாது, கிடைத்தாலும் பேருக்குத்தான் கிடைக்கும். தெற்காவணி மூல வீதியில் நகை எடுக்கும்போது கார்டை நீட்டினால் பெரிய தொகைக்குப் பெரிய பாயின்ட் வரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் தங்கத்தைப் பல வங்கிகள் விதியிலேயே விலக்கி வைத்திருக்கின்றன. பெட்ரோலுக்குக் கிடைப்பது பெரும்பாலும், கார்டில் கட்டும்போது மேலே போடும் 1 சதவீத சர்சார்ஜின் தள்ளுபடி மட்டும்தான். காய்கறி, பால், பூ என்று கையில் கொடுப்பது ஒரு 10,000. ஆக, மைல் சேர்க்கக்கூடிய செலவு உங்கள் வீட்டில் 35,000 ரூபாய்தான்.

நூறு ரூபாய்க்கு 2 மைல் என்று வைத்துக்கொண்டால் (இது நல்ல விகிதம், எல்லாக் கார்டும் தராது) மாதம் 700 மைல், வருஷம் 8,400. சிங்கப்பூருக்கு ஒரு ஆளுக்கு, ஒரு வழிக்கு 20,000 மைல் ஆகிறது என்று வையுங்கள். இரண்டு பேர் போய்த் திரும்ப 80,000. ஒன்பதரை வருஷம் ஆகும். வருஷம் ஒருமுறை என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். அந்த வீடியோக்காரர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களில் பலருக்குக் கம்பெனிச் செலவு கார்டில் ஓடும், புதிதாக எடுக்கும் நாலைந்து கார்டுகளின் சேர்க்கை போனஸ் வரும், எந்தத் தேதியிலும் கிளம்ப முடியும். உங்களுக்குப் பள்ளி லீவு மேயில்தான், அதே மே மாதத்தில் ஊரே கிளம்பும்.

ஆனால் மைலே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிங்கப்பூருக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

காரணம் எளிது. ஒரு மைலின் மதிப்பை, அது எந்த சீட்டை வாங்குகிறது என்பதுதான் தீர்மானிக்கும். திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானம் சிங்கப்பூருக்கு நேராகப் போகிறது, மதுரையிலிருந்து திருச்சி இரண்டரை மணி நேரக் கார் பயணம். அதில் ஒரு டிக்கெட் 10,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைப்போம். நீங்கள் அதற்குப் பதிலாக 20,000 மைல் கொடுத்து, வரிக்கு மட்டும் 3,000 ரூபாயும் கட்டி சென்னையிலிருந்து பறந்தால் (மைல் டிக்கெட்டிலும் வரியைக் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்) மிச்சம் 7,000 ரூபாய். அதாவது ஒரு மைலுக்கு 35 பைசா. அதே மைலை, 50,000 ரூபாய் விற்கும் ஒரு பிசினஸ் கிளாஸ் சீட்டுக்கு 40,000 மைலும் 4,000 ரூபாய் வரியும் என்று கொடுத்தால் மைலுக்கு 1 ரூபாய் 15 பைசா. சேர்க்கும்போது ஒரே மைல்தான், செலவழிக்கும்போது மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால் மகளைப் பார்க்கக் காசு கொடுத்தே போய் வாருங்கள், மைலை லண்டனுக்குச் சேருங்கள். மதுரையிலிருந்தே ஏற வேண்டும் என்றால் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் போகலாம். ஒரே டிக்கெட்டாகப் போட்டால் பெட்டியைப் பெருங்குடிப் பக்கம் நம் ஏர்போர்ட்டில் போட்டு அங்கே போய் எடுக்கலாம்.

லண்டனுக்கும் அந்த வழி உண்டு. ஸ்ரீலங்கன், ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது, பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தார் ஏர்வேஸும் அதே கூட்டணி. கூட்டணி என்றால், ஒரு நிறுவனத்தின் கணக்கில் சேர்த்த மைலை இன்னொரு நிறுவனத்தின் சீட்டுக்கும் பயன்படுத்தலாம். ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்டார் அலையன்ஸ் என்ற இன்னொரு கூட்டணி. ஒன்று கவனியுங்கள், லண்டனிலிருந்து கிளம்பும் டிக்கெட்டில் பிரிட்டன் அரசு தனியாக ஒரு பயண வரி வாங்குகிறது, எகானமியை விடப் பிசினஸ் கிளாஸுக்கு அது அதிகம். பிரிட்டிஷ் ஏர்வேஸின் மைல் டிக்கெட்டில் நிறுவனம் தன் பங்குக்குப் போடும் கட்டணமும் கனமாகவே இருக்கும். "இலவச டிக்கெட்" என்று கிளம்பி, பணம் கட்டும் பக்கத்தில் மலைத்துப்போகிறவர்கள் நிறைய.

அப்புறம் முக்கியமான விஷயம், பாயின்ட்டை வங்கியிலேயே வைத்திருங்கள். மைலுக்குக் கிடைக்கும் சீட் கண்ணில் தெரிகிற அன்றைக்குத்தான் விமான நிறுவனக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றினால் திரும்ப வராது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் 3 வருஷத்தில் காலாவதியாகும். திட்டங்களே மாறிப்போவதும் உண்டு. 2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, விஸ்தாராவை நம்பிச் சேர்த்தவர்கள் வேறொரு திட்டத்துக்கு நகர வேண்டியிருந்தது. இதில் நானும் அடிபட்டிருக்கிறேன். ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு சீட் காலியாகத் தெரிந்தது, உடனே 42,000 பாயின்ட்டை மாற்றினேன். மறுநாள் வந்துவிடும் என்று நினைத்தேன், மூன்று நாள் கழித்து வந்தது. அதற்குள் அந்த இரண்டு சீட்டும் போய்விட்டன. எந்த வங்கி, எந்த விமான நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. மாற்றுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. கூடவே வேறு இரண்டு தேதிகளையும் கையில் வைத்திருந்தால் பிழைத்திருப்பேன்.

இனி உங்கள் கணவரின் கடை. "சரக்குப் பணத்தையும் கார்டில் போட்டால்?" என்று பின்குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். விருதுநகரிலிருந்து பருப்பும் வத்தலும் அனுப்புகிறவர் கார்டு வாங்கமாட்டார், வாங்கினாலும் 2 சதவீதம் மேலே வைப்பார். நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் கொடுத்து 2 மைல் வாங்குவது என்றால் ஒரு மைலின் விலை 1 ரூபாய், லாபம் அங்கேயே கரைந்துவிடும். சொந்தக் கார்டை வியாபாரத்துக்குத் தேய்ப்பதை வங்கிகள் ஒத்துக்கொள்வதில்லை, கடைக்கென்று பிசினஸ் கார்டு தனியாக இருக்கிறது. சொந்தக் கடை மெஷினில் சொந்தக் கார்டைத் தேய்க்கும் யோசனையை யாராவது கொடுத்தால் கேட்கவே கேட்காதீர்கள், கார்டையே முடக்கிவிடுவார்கள். சொந்தக்காரர்களின் செலவுக்குக் கார்டைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும், அப்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

வட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மாதம் 3.5 சதவீதம் சாதாரணமாக நடக்கிற வட்டி. ஒரு மாதம் 40,000 ரூபாய் பில்லைக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் வட்டி 1,400, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 252, மொத்தம் 1,652 ரூபாய். அந்த 40,000-க்கு வந்த மைல் வெறும் 800. "மினிமம் ட்யூ" என்று போட்டிருக்கும் சின்னத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, அதற்கப்புறம் வாங்கும் புதுப் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். சம்பளக் கணக்கிலிருந்து முழு பில்லும் தானாகக் கழியும்படி போட்டுவிடுங்கள். அது முடியாத மாதங்கள் வரும் என்று தோன்றினால் இந்தப் பக்கமே வர வேண்டாம், இதை உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன்.

சரி, கார்டு. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே கேளுங்கள், அரசு ஆசிரியைக்குச் சுலபமாகக் கொடுப்பார்கள். ஒரே கார்டு போதும், கணவருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கினால் இரண்டு பேர் செலவும் ஒரே கணக்கில் சேரும். அவர் பெயரில் தனியாக வேண்டுமென்றால் வைப்புத்தொகையை ஈடு காட்டி வாங்கும் கார்டு இருக்கிறது. வங்கியில் கேட்க வேண்டியது ஏர்போர்ட் லவுஞ்ச் வசதியைப் பற்றி அல்ல. எந்தெந்த விமான நிறுவனத்துக்குப் பாயின்ட் மாறும், என்ன விகிதத்தில், எத்தனை நாளில், வருஷத்துக்கு எவ்வளவு வரை, பாயின்ட் எப்போது காலாவதியாகும் என்று கேளுங்கள். வருஷக் கட்டணம் 5,000 என்றால் ஜிஎஸ்டியோடு 5,900, அதற்கு ஈடாகச் சேர்க்கை போனஸ் உண்டா என்றும் பாருங்கள். இப்படி ஒழுங்காகப் போனால் மூன்று வருஷத்தில் 25,000 மைல், போனஸ் சேர்த்தால் 35,000 போல நிற்கும். லண்டனுக்கு ஒரு ஆளின் ஒரு வழிச் செலவில் பெரும்பகுதியை அது தாங்கும். மிச்சத்துக்கு இப்போதிலிருந்தே ஒரு ஆர்.டி. போட்டு வாருங்கள். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே மைல் சீட்டுகள் திறக்கும். நீங்கள் ஓய்வு பெற்றபின் கூட்டம் இல்லாத மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியும், வீடியோக்காரர்களுக்கு இருக்கும் அந்த வசதி அப்போது உங்களுக்கும் வந்துவிடும்.

வெளிநாட்டில் இந்தக் கார்டைத் தேய்க்கும்போது பெரும்பாலும் 3.5 சதவீதம் மாற்றுக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 4.13. லட்ச ரூபாய்க்கு 4,130 போய்விடும். சிங்கப்பூரில் முஸ்தபா கடையில் சாமான் வாங்கும்போது மெஷின் "ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா" என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் இன்னும் மோசமாக இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு இடத்தில் விரிந்து கிடக்கும், ஒரு இடத்தில் ஒற்றை எழுத்தாக இருக்கும், சர்நேம் கட்டம் காலியாகவே இருக்கும். கார்டில் ஒரு மாதிரி, விமானக் கணக்கில் இன்னொரு மாதிரி இருந்தால் பாயின்ட் மாறுவதிலேயே சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே கிரிஸ்ஃப்ளையரில் ஒரு கணக்குத் தொடங்குங்கள், பணம் எதுவும் இல்லை. உங்கள் மைலில் டிக்கெட் போடக் கணவரை நாமினியாகச் சேர்க்கவும் அதில் வழி உண்டு, ஐந்து பேர் வரை சேர்க்கலாம்.