ஆப்பிரிக்க சிக்லிட்: ‘மிக்ஸ்’ கவரை வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். தொட்டி நாலடி நீளம்; அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சண்டை போடாத ஆப்பிரிக்க சிக்லிட் வண்ண மீன் கேட்டால், சிவாஜிநகரில் ஒரு கடைக்காரர் ‘மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்’ பத்துக் குட்டிகளை ஒரே கவரில் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். விலை மலிவுதான், ஆனால் கவருக்குள் என்ன இருக்கிறது என்பது பல நேரம் விற்பவருக்கே தெரியாது. ஆரட்டஸ், கென்யி என்ற முரட்டு சிக்லிட்கள் கலந்திருந்தால் அமைதி போச்சு. மஞ்சள் உடம்பில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் நெடுக ஓடும் ஆரட்டஸ் குட்டிதான் கடையில் முதலில் கண்ணைப் பறிக்கும். அதே ஆண் வளர்ந்து கறுத்ததும், தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று மற்றவற்றைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். கென்யி ஆண் பெரிதானதும் மஞ்சளாகிவிடுவதால், எல்லோ லேப் என்ற சாதுவான மஞ்சள் சிக்லிட் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். வளர்ந்த எல்லோ லேபுக்கு அதன் நீளத்துக்கும் பளிச்சென்ற கறுப்புப் பட்டை இருக்கும். கென்யிக்கு உடம்பில் மேலிருந்து கீழாக மங்கிய பட்டைகள் தெரியும்.

உங்கள் தொட்டி சுமார் 255 லிட்டர்; மணலும் கல்லும் போக 220 தேறும். எல்லோ லேப் 6, ரஸ்டி 6, ஏசி 5 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மூன்றும் மலாவி ஏரி மீன்கள், நிறத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்காதவை. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனியே மூன்றுக்கும் போதும். ரத்தப்புழுவைத் தினமும் போட்டால் வயிறு உப்பிச் சாகும். குட்டியில் ஆண் பெண் தெரியாது என்பதால்தான் ஐந்தாறாக வாங்குவது; வளர்ந்ததும் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்களை வைத்துக்கொண்டு மிச்ச ஆண்களைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஃபில்டர் பழக, அதாவது மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா அதில் வளர, நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை மீன் விடாதீர்கள். பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) உயர்ந்த நீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை.

கேள்வி: பீக்காக் சிக்லிட் சேர்க்கலாமா? ஒன்றரை அங்குலக் குட்டியே முழு நிறத்தோடு கிடைக்கிறதே?

பதில்: அந்த அளவில் முழு நிறம் என்றால் ஹார்மோன் கொடுத்திருக்கிறார்கள் என்றே சந்தேகப்படுங்கள், சில மாதத்தில் வெளுத்துவிடும். மூன்று அங்குலத்துக்கு நெருக்கமாக, தானே நிறம் பிடித்த மீனாகப் பாருங்கள். பீக்காக் வேண்டுமானால் ஏசியையும் ரஸ்டியையும் விட்டுவிட்டு, ஆறு எல்லோ லேபோடு ஐந்து ஆண் பீக்காக் மட்டும் வையுங்கள், ஒவ்வொன்றும் வேறு நிறத்தில். மஞ்சள் பீக்காக் மட்டும் வேண்டாம், லேபோடு முட்டிக்கொள்ளும். பெண்கள் எல்லாமே ஒரே பழுப்பு. இனம் கலந்து குட்டி போட்டால் பெயர் சொல்லி விற்க முடியாது.

கேள்வி: காவிரித் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா? பாசி தின்னும் சக்கர் மீன், ஏஞ்சல் மீன் போடலாமா?

பதில்: பிஎச் 7.8 முதல் 8.5, வெப்பம் 24 முதல் 27 டிகிரி. கடினமான போர்வெல் தண்ணீர் இந்த மீன்களுக்கு நல்லதே. காவிரியில் குளோரின் இருக்கும், குளோரின் நீக்கி போட்டுத்தான் விடவேண்டும். டேங்கர் தண்ணீர் லோடுக்கு லோடு மாறும் என்பதால் ஒவ்வொரு முறையும் சோதிக்கவும். டிசம்பர் இரவுக்கு 200 வாட் ஹீட்டர் தேவை. பிஎச் ஏற்ற ஃபில்டரில் கிளிஞ்சல் போடுங்கள். பவளத் துண்டு வேண்டாம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம். சாதாரண சக்கர் ஓரடி வளரும், பிரிசில்நோஸ் என்ற சின்ன சக்கர் போதும். ஏஞ்சல் மென்னீர் மீன், இங்கே வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் வந்த மீன் செத்திருந்தால்?

பதில்: பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வீடியோவை ஓட விடுங்கள். செத்த மீன் இருக்கும் கவரைத் திறக்காமல் படமெடுத்து அன்றே அனுப்புங்கள். கவர் திறந்துவிட்டால் பல விற்பனையாளர்கள் கையை விரிப்பார்கள். பில்லில் மீனின் பெயரும் எண்ணிக்கையும் இருக்கட்டும். பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.