வலைப்பூவுக்கு மார்க் போடும்போது எதைப் பார்க்கணும்?

போன இதழ்ல ஒரு வலைப்பூ, அதாவது பிளாக், போட்டிக்கு நடுவரா இருந்ததைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்களே இந்த வாரம் பாதிக்கு மேல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க காலேஜ் தமிழ் மன்றத்துல மாணவர்களுக்கு வலைப்பூ போட்டி வெச்சோம், 38 பேர் லிங்க் குடுத்திருக்காங்க. டிசைனுக்கு 50, உள்ளடக்கத்துக்கு 50னு பிரிச்சு என்னை மார்க் போடச் சொல்லிட்டாங்க. எனக்கு டிசைன்லாம் தெரியாதே, எப்படிப் போடுறது? – தமிழ்ப் பேராசிரியை, கும்பகோணம்

பதில்: மேடம், முதல்ல அந்த 50–50ஐ மாத்தச் சொல்லுங்க. பிளாக் ஆரம்பிக்க இடம் குடுக்கற பிளாக்கர்லயும் வேர்ட்பிரஸ்லயும் நல்ல நல்ல டெம்ப்ளேட், அதாவது தயாரா இருக்கற பக்க வடிவமைப்பு, ஓசியிலயே கிடைக்குது, ரெண்டு கிளிக்ல மாட்டிடலாம், அது யாரோ ஒருத்தர் உக்காந்து செஞ்ச வேலை, அதுக்கு உங்க ஸ்டூடண்ட்டுக்குப் பாதி மார்க்கைத் தூக்கிக் குடுத்தா கஷ்டப்பட்டு எழுதின பிள்ளைக்கு அநியாயம். நான் உள்ளடக்கத்துக்கு 70, டிசைனுக்கு 30னு வெச்சுக்குவேன். அந்த 30 கூட அழகுக்கு இல்ல, நம்மளைப் படிக்க விடுதா இல்லையாங்கறதுக்குத்தான். அதைச் சொல்ல டிசைன் தெரிஞ்சிருக்க வேண்டாம், கண்ணு இருந்தா போதும்.

கம்ப்யூட்டரை விட்டுட்டு போன்ல திறங்க, படிக்கறவங்க அதுலதான் படிக்கறாங்க. திறந்ததும் பாட்டு பாடுதா, மேல ஏதாவது பறக்குதா, பதிவு எங்க ஆரம்பிக்குதுன்னு தேட வேண்டியிருக்கா, பழைய பதிவுக்குப் போக வழி இருக்கா, தேதி இருக்கா, இதை எழுதறது யாருன்னு ரெண்டு வரியாவது இருக்கா. அவ்வளவுதான், 30 மார்க்கை இதுலயே போட்டுடலாம்.

அப்புறம் மூணு பதிவு படிங்க: கடைசியா எழுதினது, முதன்முதல்ல எழுதினது, நடுவுல கண்ணை மூடிட்டு ஒண்ணு. போட்டிக்காகன்னு எழுதின பதிவு மினுக்கிக்கிட்டு இருக்கும், அதை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். நடுவுல இருக்கற அந்த ஒண்ணுதான் ஆளைக் காட்டிக்குடுக்கும்.

நான் நடுவரா இருந்த போட்டியில நடந்ததைச் சொல்றேன். ஒரு பிளாக் பார்த்ததும் அசந்துட்டேன், மேல கோலம் மாதிரி ஒரு பேனர், சைட்பார்ல அழகா படங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கலர். உள்ள போனா தன்னம்பிக்கை பத்து வழி, அம்மான்னா தெய்வம், மழைன்னா கவிதை. எழுதினவர் பேரை எடுத்துட்டு வேற யார் பேரைப் போட்டாலும் பொருந்தும். இன்னொண்ணு, பிளாக்கர் ஆரம்பிக்கும்போது என்ன குடுத்துச்சோ அதே டெம்ப்ளேட், தலைப்புல ஒரு எழுத்துப்பிழை வேற. ஆனா அந்தப் பையன் அவங்க அப்பாவோட தையல்கடையைப் பத்தி எழுதியிருந்தான். அளவு நோட்டுல ஒவ்வொரு பக்கத்துலயும் கஸ்டமர் குடுத்த துணியிலேர்ந்து ஒரு துண்டு வெட்டி குண்டூசியால குத்தி வெச்சிருப்பாராம், பேரை மறந்தாலும் துணியைப் பார்த்து ஆளைச் சொல்லிடுவாராம். குண்டூசி துருப்பிடிச்சு அந்தப் பக்கத்துல பழுப்பா ஒரு வட்டம் விழுந்திருக்கும், தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி அந்த நோட்டைப் புரட்டற வேலை என்னோடதுன்னு எழுதியிருந்தான். அந்தத் துரு வட்டத்தைப் பார்த்தவன் மட்டும்தான் எழுத முடியும் மேடம். கூட இருந்த ரெண்டு நடுவர்களும் டிசைனே இல்லையேன்னாங்க, நான் விடல, அவனுக்குத்தான் முதல் பரிசுன்னு கடைசி வரைக்கும் நின்னேன், வாங்கியும் குடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அதுல எனக்கு சந்தோஷம்.

இன்னொண்ணு, 38ஐயும் ஒரே நாள்ல படிக்காதீங்க. முதல்ல படிக்கற அஞ்சு பேருக்குக் கை இறுக்கமாத்தான் இருக்கும், எல்லாம் முடிச்சதும் அந்த அஞ்சையும் இன்னொரு தடவை படிச்சுட்டு மார்க்கை உறுதி பண்ணுங்க. அப்புறம் தோத்த பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, எந்தப் பதிவுல எந்த வரி பிடிச்சுதுன்னு. வெறும் மார்க் வாங்கிட்டுப் போன பிள்ளை அடுத்த பதிவு எழுதாது.

கேள்வி: என் பிளாக் வெள்ளை பேக்ரவுண்ட்ல லைட் கிரே எழுத்து, ரொம்ப கிளாஸா இருக்கும். ஆனா போட்டியில "வாசிப்பது கடினம்"னு ஒரு வரியில மார்க் குறைச்சுட்டாங்க. இது அவங்கவங்க டேஸ்ட் இல்லையா? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இல்ல தம்பி, இதுக்கு அளவே இருக்கு. இணையத்துக்கான தரங்களை வகுக்கற டபிள்யூ3சி அமைப்போட வழிகாட்டுதல்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும். நீங்க சொல்ற மாதிரி வெளிர் சாம்பல் பல சமயம் 3ஐக் கூடத் தொடாது. ஓசியிலயே கணக்குப் போட்டுக் காட்டற தளங்கள் இருக்கு, உங்க கலர் நம்பரைப் போட்டுப் பாருங்க. உங்க வயசுக் கண்ணுக்கு கிளாஸா தெரியறது எங்க வயசுக் கண்ணுக்கு எழுத்தே இல்லாத மாதிரி தெரியுது, வெயில்ல பஸ் ஸ்டாப்புல நின்னு போன்ல படிக்கறவங்களுக்கு வயசே வேண்டாம்.

தமிழுக்குன்னு சில விஷயம் தனியா இருக்கு, டெம்ப்ளேட்டை இங்கிலீஷ்காரங்க அவங்க எழுத்தை வெச்சு செஞ்சிருப்பாங்க, நாமதான் பார்த்து மாத்தணும். நம்ம எழுத்துல மேல 'கீ' மாதிரி சுழி வரும், கீழ 'மூ', 'ழு' மாதிரி வால் இறங்கும், வரிக்கு நடுவுல இடம் பத்தலைன்னா மேல் வரி வாலும் கீழ் வரி சுழியும் முட்டிக்கும். எழுத்தளவுல ஒண்ணரை மடங்காவது வரி இடைவெளி வைங்க. பத்தி முழுக்க போல்டு போடாதீங்க, 'ண'வோட வளையமெல்லாம் அடைச்சு, சின்ன சைஸ்ல 'ன' எது 'ண' எதுன்னு தெரியாது. சாய்வெழுத்தும் வேண்டாம், பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல அது தனியா கிடையாது, பிரவுசரே எழுத்தைப் பிடிச்சு சாய்ச்சு விடுது. ரெண்டு பக்கமும் சமமா இழுத்து நிறுத்தற ஜஸ்டிஃபை வெச்சிருந்தா அதையும் எடுத்துடுங்க. "படித்துக்கொண்டிருக்கிறார்கள்" மாதிரி ஒரு வார்த்தை வந்தா போன்ல அது பாதி வரியைத் தின்னுடும், மிச்சம் இருக்கற ரெண்டு வார்த்தைக்கு நடுவுல லாரி போற அளவு சந்து விழும்.

இதெல்லாம் அரை மணி நேர வேலைதான், மாத்திட்டு அடுத்த போட்டிக்கு அனுப்புங்க. உங்க கடிதத்துல இருக்கற தமிழ் நல்லா இருக்கு, அது கண்ணுக்குத் தெரியணும்னுதான் இவ்வளவு சொல்றேன்.

கேள்வி: ஹிட்ஸும் (எத்தனை தடவை பார்த்திருக்காங்கங்கற கணக்கு) பின்னூட்டமும் (கமெண்ட்) நிறைய இருக்கற பிளாக்தானே நல்ல பிளாக்? – வாசகர், ஈரோடு

பதில்: அப்படி இல்லைங்க. பல பேரோட பதிவுகளை ஒரே இடத்துல சேர்த்துக் காட்டின தமிழ்மணம் திரட்டி ஓடிக்கிட்டிருந்த காலத்துல பின்னூட்டத்துல "த.ம. 3"னு மட்டும் போட்டுட்டுப் போவாங்க, தமிழ்மணத்துல மூணாவது ஓட்டு என்னோடதுன்னு அர்த்தம், பதிவைப் படிச்சாங்களான்னு அதுலேர்ந்து சொல்ல முடியாது. நீ எனக்குப் போட்டா நான் உனக்குப் போடறேன்னு நடந்ததெல்லாம் அப்ப எழுதிக்கிட்டிருந்த எல்லாருக்கும் தெரியும். பின்னூட்டத்தை எண்ணாதீங்க, படிங்க. பதிவுல இருக்கற ஒரு விஷயத்தைப் பிடிச்சு யாராவது மறுத்திருக்காங்களா, அதுக்கு எழுதினவர் மரியாதையா பதில் சொல்லியிருக்காரா, தப்புன்னா ஒத்துக்கிட்டுத் திருத்தியிருக்காரா. அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா நான் தாராளமா மார்க் போடுவேன்.

கேள்வி: காப்பி அடிச்ச பதிவைக் கண்டுபிடிக்கறது எப்படி? – வாசகி, மதுரை

பதில்: நடுப் பத்தியிலேர்ந்து கொஞ்சம் வித்தியாசமான ஒரு வரியை எடுத்து மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுங்க, பாதி அதுலயே மாட்டும். ஏ.ஐ. மிஷினை வெச்சு எழுதினதா இருந்தா தேடினா கிடைக்காது, அதுக்கு ஆளைக் கூப்பிட்டுப் பேசறதுதான் வழி. தையல்கடையைப் பத்தி எழுதினவன்னா "அந்தக் கடையில எந்தப் பக்கம் தையல் மிஷின் போட்டிருந்தீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, பார்த்து எழுதினவங்க நிறுத்தாம பேசுவாங்க.

கேள்வி: எனக்கு வயது 71. 2004 முதல் எழுதுகிறேன். ஆரம்ப காலப் பதிவுகள் இப்போது கொசகொசவென்று புரியாத குறிகளாகத் தெரிகின்றன. போட்டிக்கு அனுப்பும் முன் அவற்றை நீக்கிவிடலாமா? – ஓய்வு பெற்ற தபால் ஊழியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, தயவுசெஞ்சு நீக்கிடாதீங்க. அப்ப கம்ப்யூட்டர்ல தமிழைப் பதிஞ்சு வெக்க ஆளாளுக்கு ஒரு முறை, நீங்க திஸ்கிங்கற முறையிலயோ வேற முறையிலயோ எழுதியிருப்பீங்க, இன்னைக்கு எல்லாம் யூனிகோடுங்கற பொது முறைக்கு வந்துட்டதால பழைய ஃபான்ட் இல்லாத மிஷின்ல அது குப்பையாத் தெரியுது. எழுத்து அழியலை, உள்ள அப்படியே இருக்கு. என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி மாத்திக் குடுக்கற கருவிகள் இருக்கு, ஒரு பதிவை காப்பி பண்ணிப் போட்டுப் பாருங்க, திஸ்கின்னு குடுத்து வரலைன்னா டாப், டாம்னு மத்த பழைய முறைகளை ஒவ்வொண்ணா மாத்திக் குடுத்துப் பாருங்க. தொடங்கறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல போய் மொத்த பிளாக்கையும் பேக்கப் எடுத்து பென்டிரைவ்ல வெச்சுக்கோங்க. படங்களை வேற தளத்துல ஏத்தியிருந்தா அதையும் பாருங்க, இலவசமா இணையப் பக்கம் வெக்க இடம் குடுத்த ஜியோசிட்டீஸ் 2009ல மூடினப்ப அங்க வெச்சிருந்த எவ்வளவோ பேர் படம் போச்சு. மாத்தின பதிவுக்குப் பழைய தேதியையே விட்டு வைங்க. 2004 டிசம்பர்ல தஞ்சாவூர்லேர்ந்து நீங்க என்ன எழுதியிருந்தீங்கன்னு நான் படிக்கணும், முடிச்சதும் லிங்க்கை நம்ம ஆபீஸ் முகவரிக்கு அனுப்புங்க.